எல்லையிலிருந்து மூன்றடி

நான் வைக்காத ஒரு கையெழுத்துக்காக என் தங்கச்சியின் வீடு பத்து மாதம் எழும்பாமல் கிடந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தப் பத்து மாதமும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்க விரும்புகிறவர்கள் முதலில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு நினைக்கட்டும்.

என் பெயர் சிவக்கொழுந்து. எங்கள் அப்பா பாய்க்கப்பல் வைத்து ஓடியவர். வடமராட்சிக் கரையில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு காணி. றோட்டுப் பக்கம் அது மட்டமாக இருக்கும். அதில்தான் எங்கள் கல்வீடு. சமைக்கிற குசினியைத் தாண்டிப் பின்னால் போனால் நிலம் சட்டென்று சரியும். முருகைக்கல்லும் தாழம்பற்றையுமாகச் சரிந்து சரிந்து கடலில் போய் முடியும். எனக்குக் கல்யாணம் பேசியபோது அப்பா மேல்காணியையும் கல்வீட்டையும் எனக்குச் சீதனமாக எழுதினார். மாப்பிள்ளை கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அப்படிப்பட்ட மாப்பிள்ளைக்குக் கல்வீடு கொடுக்காமல் வேறென்னத்தைக் கொடுப்பது?

ஏழு வருடம் கழித்துத் தங்கமுத்துவின் முறை வந்தபோது அப்பாவின் கப்பலும் போய்விட்டது, கையிலும் ஒன்றுமில்லை. மிச்சமிருந்த அந்தச் சரிவை அவளுக்கு எழுதினார். ஊரார் அதைப் பள்ளக்காணி என்றார்கள். ஆடு கூட அதில் நின்று மேயாது, ஒரு காலை மடித்துக்கொண்டுதான் மேயும் என்று சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன், ஆனால் அவளுக்கு முன்னால் இல்லை.

அவளைக் கட்டியவர் முத்துக்குமாரு. அப்பாவின் கப்பலில் பாய் கட்டின பெடியன், பிறகு வெளிநாட்டுக் கப்பலில் எஞ்சின் அறையில் சேர்ந்தார். ஒன்றரை வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். தங்கமுத்துவுக்கு வீடேது? அவள்தான் மாமியார் வீட்டுக்குப் போனாள், பின்னறையில் பதினெட்டு வருடம் இருந்தாள். "பாவம் என்ரை தங்கச்சி" என்று நான் கோயிலில், கடையில், கல்யாண வீட்டில் எல்லாம் சொல்லுவேன். சொல்லச் சொல்ல எனக்கு வாய் இனிக்கும். பொய் சொல்லி என்ன, உண்மையாகவே இனித்தது.

அறுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதம் ஒரு நாள் அவர்கள் இரண்டு பேரும் என் வீட்டு விறாந்தைக்கு வந்தார்கள். முத்துக்குமாருவின் கக்கத்தில் சுருட்டின கடதாசி. அதை மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் வெற்றிலைத் தட்டம், செம்பு என்று பாரம் வைத்தார். கப்பல்காரர் தன் கையாலேயே கீறின வீட்டுப் படம்.

"மச்சாள், இதைப் பாருங்கோ" என்றார். "மூண்டு தட்டு. சரிவை வெட்டி மட்டமாக்கப் போறதில்லை. சரிவு எப்பிடிப் போகுதோ அப்பிடியே வீடும் இறங்கும். மேல்தட்டிலை விறாந்தையும் சாமியறையும், நடுத்தட்டிலை படுக்கிற அறையள், கீழ்த்தட்டிலை குசினி."

நான் படத்தைப் பார்த்தேன். பள்ளக்காணி அதில் பள்ளமாகவே இல்லை. படி படியாக ஒரு வீடு கடலுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழே ஓர் இடத்தில் பெரிய சதுரம் ஒன்று கீறி, அதற்குள் சிவப்புப் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது.

"இதென்ன?"

முத்துக்குமாரு சிரித்தார். "அது தங்கத்தின்ரை யன்னல். அடுப்படியிலை நிண்டுகொண்டே கடலைப் பாக்கவேணுமாம். எங்கை வைக்கிறது எண்டு நாலுதரம் அழிச்சு அழிச்சுக் கீறினன். கடைசியிலை அவளே பென்சிலை வாங்கிக் கீறினவள்."

"கடலிலை என்னத்தைப் பாக்கப் போறாளாம்?"

"இவர் வாற கப்பலை" என்றாள் தங்கமுத்து, வெட்கப்பட்டுக்கொண்டு. நாற்பது வயதுப் பெண் வெட்கப்பட்டதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடி விசரி, அவரின்ரை கப்பல் கொழும்புக்கல்லோ வாறது? இஞ்சை வள்ளத்தைத்தான் பாப்பாய்" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் குத்தத்தான் சொன்னேன். அவர்களுக்குக் குத்தவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்காக இல்லை. வீடு எனக்கும் இருந்தது, கல்வீடு, அவளுக்கு முன்னமே. என் வீட்டுக்காரர் கனகரத்தினம் கல்யாணம் முடித்து இருபத்தைந்து வருடத்தில், இந்தக் கதவு எங்கே வேண்டும், இந்தச் சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று ஒரு நாளாவது என்னைக் கேட்டதில்லை. விறாந்தைக்குக் கம்பி போட்டபோதுகூட லீவில் வந்து, போட்டுவிட்டு, லீவு முடிந்து போய்விட்டார். இந்த எஞ்சின்காரன் ஒரு யன்னலுக்காக நாலு தடவை அழித்து அழித்துக் கீறியிருக்கிறான். அதுவும் பள்ளக்காணிக்காரிக்கு!

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார் முத்துக்குமாரு. "மச்சாள், கிராமசபை விதிப்படி கடல் ஏறுற கோட்டிலை இருந்து அம்பது அடி விடவேணும். அடுத்த காணி எல்லையிலை இருந்து பத்தடி விடவேணும். ரெண்டையும் விட்டால் எங்களுக்கு மிஞ்சிறது பன்ரெண்டு அடி. அதுக்குள்ளை மாட்டுக் கொட்டில்தான் கட்டலாம். கடல் பக்கம் அவையள் ஒரு அடியும் விட்டுத் தராயினம். அதாலை உங்கடை எல்லைப் பக்கம் விதிவிலக்குக் கேட்டிருக்கிறம். பத்தடிக்குப் பதிலாய் மூண்டடி விட்டுக் கட்ட."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"மேல்காணிக்காரர் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை எண்டு கையெழுத்து வைச்சால் சபை விதிவிலக்குத் தரும். வைக்காட்டித் தராது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! பதினெட்டு வருடம் பாவம் பாவம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தவளின் வீடு இப்போது என் ஒரு கையெழுத்தில் தொங்கியது. எனக்குள்ளே என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

"கெதியாச் சொல்லுங்கோ மச்சாள். வாற வருசம் ஆவணியிலை என்ரை தங்கச்சிக்குக் கலியாணம். நாங்கள் இருக்கிற அம்மாவின்ரை வீடு அவளுக்குச் சீதனமாய்ப் போகுது. அதுக்கு முதல் நாங்கள் அங்கையிருந்து வெளிக்கிடவேணும்."

அது எனக்கும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க அந்தச் சிவப்புச் சதுரம்தான் வந்து நின்றது. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். பென்சன் எடுத்து ஊரோடு வந்த பிறகு அவர் பத்திரிகைக்குப் பின்னால்தான் குடியிருந்தார்.

"இஞ்சேருங்கோ, சபைக்கு ஒரு கடிதம் எழுதவேணும். ஆட்சேபணை."

பத்திரிகை கொஞ்சம் கீழே இறங்கியது. "ஆருக்கு ஆட்சேபணை?"

"எனக்கு. எழுதுங்கோ. மூண்டு தட்டு வீடு என்ரை குசினிக்குப் பின்னாலை எழும்பினால் எனக்குக் கடல்காத்து வராது. வெளிச்சம் வராது. கல்லு உடைக்க என்ரை சுவர் வெடிக்கும். மாரியிலை மழைத்தண்ணி தேங்கும். குடும்பப் பெண்ணொருத்தி கிணத்தடியிலை குளிக்கேக்கை மேல்தட்டு விறாந்தையிலை நிண்டு ஆராவது எட்டிப் பாப்பினம். எல்லாத்தையும் எழுதுங்கோ."

அவர் இங்கிலீசில் எழுதினார். எழுதி முடித்தபோது பார்த்தால் மூன்று வரி.

"நான் இவ்வளவு சொன்னன், மூண்டு வரிதானே கிடக்கு?"

"இங்கிலீசிலை எல்லாம் சுருங்கும். இதிலை கையெழுத்து வையும்" என்றார். வைத்தேன். நானே தபாற்கந்தோருக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கல்லும் எழும்பவில்லை. மேசன்மாருக்குச் சொல்லி ஒழுங்கையில் இறக்கி வைத்த கல் அப்படியே கிடந்து, நாய்கள் அதன்மேல் படுத்தன. சுண்ணாம்பு மழையில் ஊறிப் பாழாய்ப் போனது. முத்துக்குமாரு இரண்டு தடவை சபைக்கு நடந்தார், லீவு முடிந்தது, கப்பலுக்குப் போய்விட்டார். போகும்போது என் வாசலில் நின்று "போட்டு வாறன் மச்சாள்" என்றார். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதையும் தரவில்லை.

தங்கமுத்து வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய்வரும் வழியில் என் வீட்டில் ஏறுவாள். ஒரு வாழைப்பூ, நாலு முருங்கைக்காய், நெல்லியடிச் சந்தையில் நல்ல மாம்பழம் வந்தால் அதில் இரண்டு, ஏதாவது கொண்டுவந்து வைப்பாள். என் மகள் கமலாவதியின் கைக்குழந்தையை வாங்கிக் கொஞ்சுவாள். கையெழுத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். அவள் கேட்டால் என்ன என்ன சொல்வது என்று நான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருப்பேன். கேட்டால்தானே! அவள் போன பிறகு நான் சொல்லாத பதிலெல்லாம் எனக்குள்ளேயே கிடந்து புளிக்கும்.

"அம்மா, சின்னம்மா பாவமல்லோ" என்றாள் கமலாவதி ஒரு நாள், குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டே.

"வாயைப் பொத்து. உனக்கு ஒண்டும் விளங்காது."

பொத்திக்கொண்டாள். அவள் அப்படித்தான். நான் சொன்னதைக் கேட்டு நான் காட்டினவரைக் கட்டிய பிள்ளை. மருமகன் அநுராதபுரத்தில் தபாற்கந்தோரில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். அதனால் கமலா என்னோடுதான் இருந்தாள்.

நன்றாகத் தூங்கினேன் என்று முதலில் சொன்னேனே, அது பொய். குசினி வாசலில் நின்றால் கீழே சரிவு தெரியும். விடிய எழும்பினதும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். ஒன்றும் எழும்பவில்லை என்று கண்டால் ஒரு நிம்மதி வரும். நிம்மதிக்குப் பின்னால், அந்த யன்னல் வந்திருந்தால் எவ்விடத்தில் வந்திருக்கும் என்று கணக்குப் பார்ப்பேன். அந்தத் தாழம்பற்றைக்கு மேலே. இல்லை, கொஞ்சம் வலப்பக்கம். வீடு எழும்பாமலே அவள் யன்னல் என் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இதைவிட எழும்பியிருந்தால் பார்த்துத் தொலைத்திருக்கலாம்.

கார்த்திகையில் சபையிலிருந்து கடிதம் வந்தது. ஆட்சேபணையை நேரில் வந்து விசாரிக்க ஓவசியரை அனுப்புகிறோம், காணி உறுதிப் பத்திரங்களோடு இரு பகுதியாரும் நிற்கவும் என்று. நான் அன்றைக்கு விடிய எழும்பி முழுகி, பட்டுக்கரைச் சேலை உடுத்தேன். தங்கமுத்து வழக்கமான நூல் சேலையோடு வந்து வேலியோரம் நின்றாள். அவளைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கூட இரக்கம் வரவில்லை. தைரியமாகத்தான் இருந்தேன்.

ஓவசியர் தியாகலிங்கம் என்று ஒருவர், கையில் கோப்போடும் அளவுநாடா பிடிக்க இரண்டு ஆட்களோடும் வந்தார். சரிவில் இறங்கி, ஏறி, கல்லில் சறுக்கி, திரும்ப ஏறி, ஒரு மணித்தியாலம் அளந்தார். பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் விறாந்தையில் வந்து உட்கார்ந்தார்.

"கீழ்க்காணிக்காரர் சொன்னது சரிதான். விதிவிலக்கு இல்லாட்டி அதிலை வீடு வராது" என்றார். "இனி மேல்காணிக்காரரின்ரை ஆட்சேபணையைப் பாப்பம். உறுதியைக் கொண்டுவாங்கோ அம்மா."

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அலுமாரியைத் திறந்தேன். பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த என் சீதன உறுதியை, அப்பா எழுதின உறுதியை, அவர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது தங்கமுத்துவை ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

அவர் அதை விரித்துப் பார்த்தார். பிறகு தன் கோப்பைத் திறந்து இன்னொரு கடதாசியைப் பார்த்தார். பிறகு திரும்ப என் உறுதியை.

"இது பழைய உறுதி அம்மா. காணிப் பதிவுக் கந்தோரிலை எடுத்த விவரம் என்னட்டைக் கிடக்கு. ரெண்டு வருசத்துக்கு முதல் இந்தக் காணியும் வீடும் சீதனமாய் எழுதப்பட்டிருக்கு. கமலாவதி எண்டு ஒருத்தருக்கு. அது ஆர்?"

"என்ரை மகள்" என்றேன். இன்னும் எனக்கு உறைக்கவில்லை. "கலியாணத்துக்கு எழுதிக் குடுத்தது. அதுக்கென்ன?"

"அப்ப வீடு அவவின்ரை. ஆட்சேபணை இருக்கோ இல்லையோ எண்டு அவதான் சொல்லவேணும். நீங்கள் சொல்ல ஏலாது."

அட கடவுளே!

எங்கள் ஊரில் மகளுக்கு வீட்டை எழுதாத தாய் இல்லை. எழுதின பிறகு அந்த வீட்டை மகளின் வீடு என்று சொல்கிற தாயும் இல்லை. நொத்தாரிசு உறுதி எழுதுவார், மாப்பிள்ளை வீட்டார் வாசித்துப் பார்ப்பார்கள், உறுதி மாப்பிள்ளையிடம் போகும், சாவிக்கொத்து தாயின் இடுப்பிலேயே கிடக்கும். அவள் கண் மூடும்வரை ஊர் அதைத் தாயின் வீடு என்றுதான் சொல்லும். பட்டுத்துணியில் நான் சுற்றி வைத்திருந்தது உதவாத கடதாசி என்று எனக்கு இரண்டு வருடமாக நினைவே வரவில்லை.

நொத்தாரிசு என்னை அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டவர்தான். "சீவிய உருத்து வைச்சு எழுதட்டோ? அப்பிடி எழுதினால் நீங்கள் இருக்குமட்டும் உங்களுக்கும் உரிமை இருக்கும்." எல்லாத் தாய்மாரும் வைத்து எழுதுவதுதான். அந்த நேரம் பார்த்துத் தங்கமுத்து வாசலில் நின்றாள். அவளுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். கொடுக்கத் தேவையில்லை, வாங்குவதுதான் வேலை. பள்ளக்காணிக்காரி பார்க்கட்டும், நான் எப்படிக் கொடுக்கிறேன் என்று பார்க்கட்டும் என்று, எல்லோரும் கேட்க நான் சொன்னேன்: "என்ரை பிள்ளைக்கு நான் அரைகுறையாக் குடுக்கிறேல்லை. முழுக்க எழுதுங்கோ."

முழுக்கவே எழுதிவிட்டார்கள்.

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். பத்திரிகை ஆடாமல் அசையாமல் நின்றது. "இஞ்சேருங்கோ, உங்களுக்கு இது தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ எனக்கு ஆட்சேபணை எழுதித் தந்தனீங்கள்?"

"நீர் ஆட்சேபணை எழுதச் சொன்னனீர், எழுதினன். வீடு ஆரின்ரை எண்டு கேக்கேல்லையே."

ஓவசியர் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். "ஓம், ஐயா சரியாத்தான் எழுதியிருக்கிறார். 'மேற்படி வீட்டில் வசிக்கும் சிவக்கொழுந்து' எண்டுதான் கிடக்கு. சொந்தக்காரி எண்டு இல்லை."

மூன்று வரியில் என்ன சுருங்கியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனுசனை அந்த இடத்திலேயே ஏதாவது கேட்டிருப்பேன். ஓவசியர் முன்னால் இருந்தபடியால் விட்டேன்.

கமலாவதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவு நிலையில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"பிள்ளை, சொல்லும்" என்றார் ஓவசியர். "சின்னம்மாவின்ரை வீடு உம்மடை எல்லையிலை இருந்து மூண்டடி விட்டு வந்தால் உமக்கு ஆட்சேபணை இருக்கோ?"

நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையில்தான் அவள் வளர்ந்தாள். அதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், வேலியோரம் நின்ற சின்னம்மாவைப் பார்த்தாள், தலைக்கு மேலே கூரை வளையைப் பார்த்தாள்.

"அம்மா, இது என்ரை வீடோ?" என்று கேட்டாள். கேலியாக இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து "ஓம் பிள்ளை" என்று சத்தம் வந்தது.

"அப்ப இவனை எப்பன் பிடியுங்கோ" என்று குழந்தையை என் கையில் தந்துவிட்டு மேசைக்குப் போனாள். பேரன் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்தான். கையில் குழந்தையோடு நான் என்ன செய்ய முடியும்? அவள் ஆட்சேபணை இல்லை என்ற இடத்தில் கையெழுத்து வைத்தாள். சின்னக் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து.

ஓவசியர் கடதாசியை எடுக்கப் போனார்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்றாள் தங்கமுத்து. அன்றைக்கு அவள் முதல் தடவையாக வாய் திறந்தாள். விறாந்தைப் படிக்குக் கீழே வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உறுதி கமலாவின்ரை பேரிலை எண்டு எனக்கு முதலே தெரியும். எழுதேக்கை நான் வாசலிலை நிண்டனான். அவளிட்டைக் கேக்கிறதெண்டால் பத்து மாதத்துக்கு முதலே கேட்டு வாங்கியிருப்பன். என்ரை அவரும் சொன்னவர், பிள்ளையிட்டைக் கேள் எண்டு. நான்தான் மாட்டன் எண்டனான். உங்களைத் தாண்டிப் போய் வீடு கட்டி எனக்கு அதிலை இருக்க ஏலாது. நீங்கள் ஓம் எண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டி நான் ஒரு கல்லும் வைக்கமாட்டன்."

என் வயிற்றில் அதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை. இப்போதுதான் எரிந்தது. பத்து மாதம் வாழைப்பூவும் மாம்பழமும் கொண்டுவந்து வைத்தவள், ஒரு வார்த்தை பேசினால் முடிகிற காரியத்தைத் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தவள்! நான் அவளைத் தடுத்து வைத்திருக்கிறேன் என்று நிமிர்ந்து நடந்தேனே, அவள் எனக்காகத் தடைபட்டு நின்றிருக்கிறாள். வீட்டிலும் அவள் மேலே, புருசனிலும் அவள் மேலே, இப்போது குணத்திலும் அவள் மேலே. ஒரு மனுசிக்கு எத்தனை தட்டுத்தான் வேண்டும்?

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவள் கட்டமாட்டாள்; அவளை எனக்குத் தெரியும். ஆவணியில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பாள். ஊர் அவளை அம்மன் என்று கும்பிடும், என்னைப் பேய் என்று காறித் துப்பும். ஓம் என்று சொன்னால் விடிய எழும்பி அந்த யன்னலில் முழிக்க வேண்டும்.

"ரெண்டு சாட்சிக் கையெழுத்து வேணும்" என்றார் ஓவசியர், எங்கள் சங்கடத்தைப் பார்க்காதவர் மாதிரிக் கோப்பைப் புரட்டிக்கொண்டு. "ஐயா ஒண்டு வைக்கட்டும். மற்றதுக்கு ஆரும் வெளியாளைக் கூப்பிடட்டோ? ஒழுங்கையிலை ஒராள் போறார்."

எட்டிப் பார்த்தேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரோ ஒரு மனுசன் போய்க்கொண்டிருந்தான். முன்பின் தெரியாதவன். என் தங்கச்சியின் வீட்டுக் கடதாசியில் அவன் பெயர் இருக்கும், என் பெயர் இருக்காது. அந்த வீடு நூறு வருடம் நின்றாலும் சபையின் கோப்பில் சிவக்கொழுந்து என்று ஒருத்தி இருந்ததற்கு அந்த ஆட்சேபணைக் கடிதம் மட்டும்தான் சாட்சி.

"ஆரையும் கூப்பிட வேண்டாம்" என்றேன். குழந்தையைக் கமலாவிடம் கொடுத்தேன். "பேனையைத் தாங்கோ."

"அக்கா..." என்றாள் தங்கமுத்து. அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அதையும் பொறுக்க முடியவில்லை.

"அழாதை. முதல்லை இதைச் சொல்லு. உந்த உன்ரை யன்னலிலை இருந்து பாத்தால் என்ரை குசினி தெரியுமோ?"

"இல்லை அக்கா. கடல் மட்டும்தான்."

"அப்ப சரி. கட்டு."

மகளின் கையெழுத்துக்குக் கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன், சி தொடங்கித் து வரை, ஒன்றையும் சுருக்காமல், அவளுடையதைவிடப் பெரிதாக. எழுதிவிட்டுப் பேனையை வைக்கப் போனேன்.

"முகவரியும் வேணும் அம்மா" என்றார் ஓவசியர்.

'சொந்த வீடு' என்று எழுதத் தொடங்கினேன். சொந்த என்று எழுதியும் விட்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்பிடி எழுத ஏலாது அம்மா. மேலை மகளின்ரை பேர் கிடக்கெல்லோ. சபை திருப்பி அனுப்பிப்போடும்."

தங்கமுத்து வேறு பக்கம் பார்த்தாள். பார்த்துக்கொண்டு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: கமலாவதி வீடு. எழுத்து கொஞ்சம் கோணிப் போய்விட்டது. அதற்கு நான் என்ன செய்ய? அவர்கள் தந்த பேனை சரியில்லை.